பூட்டிய அலுமாரியும் ரீஜென்சி நாவல்களும்

நம் கல்லூரி நூலகத்தில் ஆங்கில நாவல்கள் இருந்த அலுமாரி எப்போதும் பூட்டியே கிடக்கும். திறப்பு பொறுப்பாசிரியையிடம். காதல் கதை கேட்டால் முகத்தைச் சுளிப்பவர், ஆங்கில எழுத்தாளர் ஜோர்ஜெட் ஹெயரின் நாவல்களை மட்டும் தயங்காமல் எடுத்துத் தருவார். கடைசிப் பக்கம் வரும்வரை முத்தமே கிடையாது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்!

இங்கிலாந்தின் மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் மனநோயுற்றிருக்க, மகன் அவருக்குப் பதிலாக ஆட்சி நடத்திய 1811–1820 காலமே ரீஜென்சி. அக்காலத்தை வைத்து ஹெயர் எழுதிய முதல் நாவல் வெளிவந்தது 1935 இல். அவர் மறைந்து அரை நூற்றாண்டு கடந்தும் அந்நூல்கள் அச்சில் இருக்கின்றன.

எங்களுக்கு அந்த உலகம் அந்நியமாகவே படவில்லை. மாப்பிள்ளைக்கு ஆண்டு வருமானம் எவ்வளவு, பெண்ணுக்குச் சீதனம் எவ்வளவு என்று அங்கேயும் கணக்குப் பார்த்தார்கள். நிலபுலம் பெரும்பாலும் மூத்த மகனுக்கு. 21 வயது ஆகாதவர்களின் திருமணத்துக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று 1753 ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. அது செல்லாத ஸ்கொட்லாந்துக்கு, எல்லையோரக் கிரெட்னா கிரீனுக்கு, காதலர்கள் குதிரை வண்டியில் ஓடினார்கள்.

லண்டனில் ஆல்மாக்ஸ் என்றொரு நடன மண்டபம். உயர்குடிச் சீமாட்டிகள் சிலர் கூடி, யாருக்கு அனுமதி என்று தீர்மானிப்பார்கள். பணம் மட்டும் இருந்தால் போதாது. இத்தனை கெடுபிடிக்குப் பிறகு உள்ளே கிடைப்பது மெல்லிய பாண் துண்டும் வெண்ணெயும், சாதாரண கேக்கும், எலுமிச்சைப் பானமும்தான். நம் ஊர்ப் பெரியம்மாமார் நடத்தியிருந்தால் சாப்பாடாவது நன்றாக இருந்திருக்கும்.

கல்யாணமானால் பெண்ணின் சொத்தும் கணவன் கைக்குப் போய்விடும். அவளுக்கு மிஞ்சுவது வாய்தான். நாலு பேர் பார்த்திருக்க, துணைக்கு வந்த அத்தை காது கொடுத்திருக்க, மரியாதை குறையாமல் ஒருவனை மடக்கிப் பேச வேண்டும். காதல் முழுவதும் அந்தப் பேச்சுக்குள்ளேதான் நடக்கும். முப்பதாம் பக்கத்திலேயே படுக்கையறைக் கதவைத் திறந்துவிடும் இக்காலக் கதைகளில் உடுப்பு மட்டுமே ரீஜென்சி. எனக்கு அவை பத்துப் பக்கம் தாண்டுவதில்லை.

குறை இல்லாமல் இல்லை. அந்த மாளிகைகள் சிலவற்றுக்குப் பணம் கரும்புத் தோட்ட அடிமைகளின் உழைப்பிலிருந்து வந்ததை இக்கதைகள் பெரும்பாலும் பேசுவதில்லை. 1950 இல் வந்த ‘தி கிராண்ட் சோஃபி’யில் யூத வட்டிக்காரரைக் காட்டியிருக்கும் விதம் படிக்கவே கூசுகிறது.

ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர்கள் 1965 இல் வந்த ‘ஃபிரெடரிக்கா’வை எடுங்கள். பலூனில் தொற்றிக்கொண்டு பறந்துவிடும் குறும்புத் தம்பி ஒருவன் அதில் வருகிறான். பேரப்பிள்ளைகளுக்கும் பிடிக்கும்.