மெடிசின் கிடைக்கும் என்று தெரிந்த பிறகு

உயர்தரப் பெறுபேறு வந்த அன்று எங்கள் பக்கத்தில் எந்தப் பிள்ளையைக் கண்டாலும் "டிஸ்ரிக்ற் ராங்க் எத்தினை?" என்றுதான் கேட்பார்கள். பயோ பிரிவு என்றால் அடுத்தது, "மெடிசின் கிடைக்குமோ?" அதோடு கதை முடிந்துவிடும். எந்த மருத்துவ பீடத்தை முதலாவதாகப் போடப்போகிறாய், ஏன் என்று ஒருவரும் கேட்பதில்லை. யாழ்ப்பாண மாவட்டத்துத் தென்மராட்சியில் உயிரியல் படிப்பிக்கிறவள் நான். பிள்ளை இரண்டு மூன்று வருடம் நித்திரை முழித்துப் படித்த படிப்பின் முடிவை, ஒரு பின்னேரத்தில் நெற் கபேயில் இருந்துகொண்டு அவசரமாக நிரப்பிவிட்டு வருவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மாவட்டக் கணக்கு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு 40 வீதமான இடங்களை அகில இலங்கைத் திறமை அடிப்படையில் கொடுக்கிறது. 55 வீதம் சனத்தொகைக்கு ஏற்ப 25 மாவட்டங்களுக்கும் பிரிகிறது. மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் யாழ்ப்பாணமும் ஒன்று. 1970களில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தலும் மாவட்ட ஒதுக்கீடும் வந்தபோது அதிகம் இழந்த மாவட்டங்களில் ஒன்று இது. அந்தக் காலத்தில் சோதனை எடுத்த பெரியவர்கள் தங்களுக்கு எத்தனை புள்ளியால் தவறிப்போனது என்பதை இன்றும் மறக்காமல் சொல்வார்கள். போர் எங்கள் பள்ளிக்கூடங்களை என்ன செய்தது என்பது, முன்னுக்கு நின்ற மாவட்டம் பின்தங்கிய பட்டியலுக்கு வந்த இந்த ஒரு மாற்றத்திலேயே தெரியும்.

எங்கள் பகுதியில் இருந்து பார்த்தால் மாவட்டம் என்பது எவ்வளவு மெல்லிய கோடு என்று விளங்கும். எழுதுமட்டுவாள் யாழ்ப்பாண மாவட்டம். அதைத் தாண்டினால் முகமாலை, பளை. அதுவும் குடாநாடுதான், ஆனையிறவுக்கு இந்தப் பக்கம்தான். ஆனால் பச்சிலைப்பள்ளி கிளிநொச்சி மாவட்டத்துக்குள் வருகிறது. 1984 வரை கிளிநொச்சியே யாழ்ப்பாண மாவட்டத்துக்குள்தான் இருந்தது. இன்று ஒரே மாவடியில் விளையாடி வளர்ந்த இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு வெட்டுப்புள்ளி. அதற்குள்ளும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆணைக்குழு பார்ப்பது வீடு எங்கே என்பதை மட்டும் அல்ல, சோதனைக்கு முந்திய வருடங்களில் எந்த மாவட்டப் பள்ளிக்கூடத்தில் படித்தாய் என்பதைத்தான் முதலில் பார்க்கிறது. பளையில் இருந்து நல்ல ரியூசனுக்காகச் சாவகச்சேரிக்கோ யாழ்ப்பாணம் ரவுணுக்கோ பள்ளிக்கூடம் மாறி வந்து படிக்கிற பிள்ளை கிளிநொச்சிக் கணக்கில் இருந்து யாழ்ப்பாணக் கணக்குக்கு வந்துவிடலாம். ஓஎல் முடித்துப் பள்ளிக்கூடம் மாற்ற முதல், ஆணைக்குழுவின் அந்த வருட அனுமதிக் கைநூலில் மாவட்டம் எப்படித் தீர்மானிக்கப்படுகிறது என்ற பகுதியைத் தாயும் தகப்பனும் ஒருமுறை வாசியுங்கள். தமிழிலும் இருக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. வெட்டுப்புள்ளி குறைவு என்பதற்காக யாழ்ப்பாணப் பிள்ளைகளை வன்னிப் பள்ளிக்கூடங்களில் பதிந்துவிட்டு, இங்கே ரியூட்டரியில் படிப்பிக்கிறவர்களை எனக்குத் தெரியும். அது சரியில்லை. பௌதிகவியலுக்கு ஆசிரியர் வரமாட்டாரா என்று தவணைக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்து, தானே நோட்ஸ் தேடிப் படித்த முல்லைத்தீவுப் பிள்ளைக்காக வைத்த இடம் அது. அந்த இடத்தை எடுத்துக்கொண்டு டொக்டராகிற பிள்ளையிடம் நாளைக்கு நாங்கள் என்ன நேர்மையை எதிர்பார்க்கப் போகிறோம்?

இனி வரிசை. உள்ளே போவதை மாவட்டமும், சோதனைப் பெறுபேற்றில் இருந்து கணக்கிடுகிற இசட் புள்ளியும் தீர்மானிக்கும். எந்த ஊரில் ஐந்து வருடம் இருப்பது என்பதைத் தீர்மானிப்பது யூனிகோட் வரிசை, அதாவது எந்தப் படிப்பு, எந்தப் பல்கலைக்கழகம் என்று குறிக்கிற குறியீடுகளை விண்ணப்பத்தில் நீங்கள் போடுகிற வரிசை. தெரிவு மேலே இருந்து கீழே வருகிறது. இசட் புள்ளி கூடிய பிள்ளைக்கு முதல் அழைப்பு, அந்தப் பிள்ளை போட்ட வரிசையில் இடம் இருக்கிற முதலாவது பீடம் கிடைக்கும். அதற்குப் பிறகுதான் அடுத்த பிள்ளை. ஆகவே "கொழும்பை முதல் போட்டு அது கிடைக்காவிட்டால் யாழ்ப்பாணமும் போய்விடும்" என்று ரியூட்டரி வாசலில் நின்று கதைப்பது பிழை. உங்கள் மாவட்டத்தில் உங்களைவிடப் புள்ளி குறைந்த ஒருவர் யாழ்ப்பாணத்தை முதலாவதாகப் போட்டார் என்பதற்காக உங்களை முந்திக்கொண்டு போக மாட்டார். மனதில் இருக்கிற வரிசையை அப்படியே போடலாம்.

ஆனால் அந்த மனதில் இருக்கிற வரிசை யாருடையது? ஒரு மேசன் அண்ணை தன் மகளோடு என்னிடம் வந்தார். பிள்ளை ஒரு சி.ஆர். கொப்பி கொண்டுவந்திருந்தாள். நடுப்பக்கத்தில் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, பீடம், தூரம், விடுதி, பாஷை, தெரிந்த ஆட்கள் என்று பத்தி பிரித்திருந்தாள். பென்சிலால் எழுதி அழித்து, எழுதி அழித்து, முதல் மூன்று வரியிலும் தாள் மெலிந்து மறுபக்க எழுத்துத் தெரிந்தது. யாழ்ப்பாணம் முதல், மட்டக்களப்பு இரண்டு, அனுராதபுரம் மூன்று, பேராதனை நாலு. தகப்பனுக்கு அது பிடிக்கவில்லை. "ரீச்சர், கொழும்பைப் போட்டால்தானே கெட்டிக்காரி எண்டு சனம் சொல்லும்?"

பிள்ளை தலை நிமிராமல் சொன்னாள்: "அப்பா, யாழ்ப்பாணம் எண்டால் வீட்டில இருந்தே போய்வரலாம். சாப்பாட்டுக் காசும் மிச்சம்." மட்டக்களப்பு ஏன் என்று கேட்டேன். "வாட்டில வாற ஆக்கள் தமிழ்தானே ரீச்சர்." அனுராதபுரத்துக்கு அவள் சொன்ன காரணம் ரயில். யாழ்ப்பாண ரயில் அந்த வழியால்தான் வருகிறது, விடுமுறைக்கு ஒரே ஏற்றத்தில் வந்து இறங்கலாம். இத்தனையையும் தானாக யோசித்திருந்தாள். எனக்குச் சந்தோசமாக இருந்தது.

ஐந்தாவது வரியில்தான் நான் பென்சிலை வாங்கினேன். பேராதனைக்கு அடுத்து பல் மருத்துவம் என்று போட்டிருந்தாள். கொழும்பு, றுகுண, களனி, ஜயவர்த்தனபுர, வயம்ப, சபரகமுவ போன்ற மற்ற மருத்துவ பீடங்கள் எல்லாம் விடுபட்டுப் போயிருந்தன. "தூரம் ரீச்சர்" என்றாள். முதல் நாலும் கிடைக்காமல் போனால் அடுத்து அவளுக்கு வருவது பல் மருத்துவம்தான், சபரகமுவ பீடம் இருக்கிற இரத்தினபுரியில் ஒரு மருத்துவ இடம் கிடைக்கிற புள்ளி இருந்தாலும். "இரத்தினபுரியில் டொக்டருக்குப் படிக்கிறதோ, பேராதனையில் பல் டொக்டருக்குப் படிக்கிறதோ, எது வேணும் பிள்ளை?" என்று கேட்டேன். பல் மருத்துவம் குறைந்த படிப்பு இல்லை. அதை விரும்பி எடுக்கிற பிள்ளை அதை முதலாவதாகவே போட வேண்டும். தூரத்துக்குப் பயந்து அதற்குள் போய் விழக்கூடாது. அவள் தகப்பனைப் பார்த்தாள். அவர் இந்தமுறை கொழும்புக் கதை எடுக்கவில்லை. "உனக்கு எது விருப்பமோ அதைப் போடு" என்றார். எல்லா மருத்துவ பீடங்களையும் எழுதிய பிறகே பல் மருத்துவம் எழுதினாள்.

பாஷை விசயத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். விரிவுரை எங்கேயும் ஆங்கிலம்தான். மூன்றாம் வருடம் வாட்டுக்குப் போனால் றுகுண பீடம் இருக்கிற காலியிலும் களனி பீடம் இருக்கிற றாகமவிலும் நோயாளி பெரும்பாலும் சிங்களத்தில்தான் கதைப்பார். எப்போது இருந்து நோகுது, சாப்பிட்ட பிறகு கூடுதோ, சளியில் இரத்தம் வந்ததோ என்று சிங்களத்தில் கேட்கவும், வருகிற மறுமொழியை விளங்கவும் வேண்டும். எங்கள் பிள்ளைகள் முதல் இரண்டு வருடத்தில் விடுதியில் இருந்து அதைப் பிடித்துவிடுகிறார்கள். பின்னுக்கு உள்ளகப் பயிற்சிக்கு எந்த மாவட்டத்துக்கும் போகவேண்டி வரலாம், அப்போது அது பெரிய உதவி. பாஷைக்குப் பயந்து தெற்கை வெட்டிவிடவேண்டாம் என்பதே என் எண்ணம்.

அதேபோல யாழ்ப்பாணத்தை "இஞ்சதானே" என்று கீழே தள்ளுவதும் எனக்குக் கவலை. 1978இல் தொடங்கிய பீடம், போர்க்காலம் முழுக்க டொக்டர்மாரை உருவாக்கியது. வடக்கு முழுவதிலும் இருந்து நோயாளர் வந்து சேர்கிற யாழ் போதனா வைத்தியசாலையில் பயிற்சி. கொழும்பில் 1870இல் மருத்துவக் கல்லூரி வரமுதலே மானிப்பாயில் சாமுவேல் கிறீன் மேலைத்தேய மருத்துவத்தைப் படிப்பித்து, பிறகு தமிழிலேயே அதைச் சொல்லிக்கொடுத்த மண் இது. எங்கே படித்தாலும் கையில் வருவது எம்பிபிஎஸ், பதிவதும் அதே இலங்கை மருத்துவ சபையில்.

விண்ணப்பம் திறந்திருக்கிற நாட்களில் பின்னேரங்களில் பள்ளிக்கூட உயிரியல் ஆய்வுகூடத்தில் இருப்பேன். எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று இல்லை, பளையில் இருந்தும் வரலாம். கைநூலும் போன வருட வெட்டுப்புள்ளித் தாளும் என்னிடம் இருக்கும். பிள்ளை தன் கையால் எழுதின வரிசையைக் கொண்டுவரட்டும், தாய் தகப்பனும் கூட வாருங்கோ.