ஒரே டிஸ்க், இரண்டு சர்வர்கள்: வேலைக் குறிப்புகள்

பிப்ரவரி 5, 2024, திங்கள்

டிஸ்க் பெட்டி ரேக்கில் ஏறிவிட்டது. ஒரு ஆஸ்பத்திரியின் பரிசோதனை முடிவுகள் தங்கப்போகும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கான ஏற்பாடு இது. ஒரு சர்வர் விழுந்தால் மற்றது அதே டிஸ்க்கை எடுத்துக்கொண்டு தொடர வேண்டும். பெட்டியில், டிஸ்க்குகளை நிர்வகிக்கும் இரண்டு கன்ட்ரோலர்கள்: ஏ, பி. ஒவ்வொரு சர்வரிலும், அதைப் பெட்டியோடு இணைக்கும் 12 கிகாபிட் எஸ்ஏஎஸ் எச்பிஏ கார்டு. அதிலிருந்து ஒரு கேபிள் ஏ கன்ட்ரோலருக்கு, இன்னொன்று பி-க்கு.

சர்வரோடு வந்த ரெய்டு கார்டையே (பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக நடத்தும் கார்டு) வைத்துக்கொள்ளலாமே என்று கூட வேலை பார்க்கும் தம்பி கேட்டான். கூடாது. ரெய்டு கார்டு, எழுத வேண்டியதைத் தன் கேஷில் (தற்காலிக நினைவகத்தில்) வாங்கி வைத்துக்கொண்டே "எழுதியாச்சு" என்று சொல்லிவிடும். சர்வர் செத்துப்போனால் கடைசியாக எழுதியது அந்தக் கார்டிலேயே மாட்டிக்கொள்ளும். பக்கத்துச் சர்வருக்குக் கிடைக்காது. பெட்டியின் கன்ட்ரோலர்கள் அப்படியில்லை, கேஷில் இருப்பதை ஒன்றுக்கொன்று நகல் எடுத்து வைத்துக்கொள்கின்றன. அதனால் ரெய்டு பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். சர்வரில் இருப்பது வெறும் வழி.

பிப்ரவரி 6, செவ்வாய்

இன்று மல்டிபாத், அதாவது ஒரே டிஸ்க்குக்குப் போகும் பல வழிகளை ஒன்றாக்கும் மென்பொருள். கேபிள் இரண்டு என்பதால் ஒரே டிஸ்க் ஒவ்வொரு சர்வரிலும் இரண்டு டிஸ்க்காகத் தெரிகிறது. அடையாள எண் ஒன்றாக இருப்பதை வைத்து மல்டிபாத் அவற்றைச் சேர்க்கிறது. டிஸ்க்கைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் கன்ட்ரோலர் வழிக்கு முன்னுரிமை 50, மற்றதற்கு 10. 'எம்பாத்ஏ' போலத் தானாக விழும் பெயர்கள் இரண்டு சர்வர்களிலும் ஒரே டிஸ்க்கைக் குறிக்கும் என்று நம்ப முடியாது. அதனால் அடையாள எண்ணை வைத்து நானே பெயர் கொடுத்தேன்.

எல்லா வழியும் அறுந்தால் முடிவில்லாமல் காத்திரு என்ற அமைப்பு தனிச் சர்வருக்குச் சரி. இப்படி ஒன்றுக்கொன்று மாற்றாக நிற்கும் சர்வர்களின் கிளஸ்டரில் வேண்டாம்: தரவுத்தளம் பிழையும் சொல்லாமல் உறைந்து நிற்கும், மற்ற சர்வருக்கு மாற்றிவிடுவது தள்ளிப்போகும். 5 வினாடிக்கு ஒருமுறை, 12 தடவை பார்த்துவிட்டுக் கைவிடச் சொல்லியிருக்கிறேன். ஒரு நிமிடம் போதும்.

பிப்ரவரி 8, வியாழன்

இரண்டு சர்வர்களுக்கும் டிஸ்க்கைக் காட்டுவது அரைநாள் வேலை. தேவைப்படும்போது ஒன்றை நிச்சயமாகத் தடுப்பதுதான் உண்மையான வேலை. எக்ஸ்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமை, டிஸ்க் தனக்கு மட்டுமே சொந்தம் என்ற நம்பிக்கையில் பாதி விவரத்தை நினைவகத்தில் வைத்திருக்கும். இரண்டு சர்வர்கள் ஒரே நேரத்தில் எழுதினால் ஒன்றின் கணக்கை மற்றது அழித்துவிடும். நடுவில் நெட்வொர்க் அறுந்தால் ஒவ்வொன்றும் மற்றது செத்துவிட்டது என்றே நினைக்கும். இரண்டே சர்வர் என்றால் பெரும்பான்மை பார்க்கவும் வழியில்லை.

மற்ற சர்வரின் மின்சாரத்தை ஐபிஎம்ஐ (சர்வரைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்தும் வசதி) வழியாக நிறுத்துவது ஒரு வழி. ஆனால் அந்தச் சர்வருக்கு மின்சாரமே போயிருந்தால் ஐபிஎம்ஐயும் பதில் சொல்லாது. அது செத்ததா இல்லையா என்று தெரியாமல் கிளஸ்டர் நின்றுவிடும். எனக்கு ஸ்கசி-3 (டிஸ்க்கோடு பேசும் கட்டளை முறை) பர்சிஸ்டென்ட் ரிசர்வேஷன்தான் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு சர்வரும் டிஸ்க்கில் தன் சாவியைப் பதிவுசெய்யும். பதிவு இருப்பவர் மட்டுமே எழுதலாம். ஒன்று மற்றதன் சாவியை நீக்கிவிட்டால், அதன் பிறகு டிஸ்க்கே மறுத்துவிடும். நீக்கப்பட்டவர் திரும்ப மற்றவரை நீக்கவும் முடியாது. இரண்டும் ஒரே நேரத்தில் சண்டைக்குப் போனாலும் முந்தியவர் மட்டும் மிஞ்சுவார்.

பழைய ஸ்கசி-2 ரிசர்வ், இணைப்புப் பாதையை மீட்டமைக்கும் ஒரு பஸ் ரீசெட்டிலேயே கலைந்துவிடும். போதாக்குறைக்கு அது ஒரே வழியைத்தான் உரிமையாளராக ஏற்கும், சர்வரின் இரண்டாவது கேபிளே வெளியாளாகிவிடும். புதிய முறையிலும் பதிவு வழிக்கு ஒன்றுதான், ஆனால் எல்லா வழியிலும் ஒரே சாவியைப் பதியலாம். அதற்காகத்தான், மல்டிபாத் வழியாக இந்தச் சாவிகளைக் கையாளும் ஃபென்ஸ்_எம்பாத் நிரலைத் தேர்ந்தெடுத்தேன்.

இந்தக் கவலை புதிதல்ல. டிஜிட்டல் என்ற கம்ப்யூட்டர் நிறுவனம் 1983இல் வாக்ஸ் கிளஸ்டரைக் கொண்டுவந்தபோதே எச்எஸ்சி50 என்ற தனிக் கன்ட்ரோலர் வழியாகப் பல இயந்திரங்கள் டிஸ்க்குகளைப் பகிர்ந்துகொண்டன. யார் எழுதலாம் என்பதைப் பார்த்துக்கொள்ள, இயந்திரங்கள் எல்லாம் சேர்ந்து நடத்தும் பூட்டு முறையும் அதில் இருந்தது. அந்த வடிவமைப்பைப் படிக்கும்போது இப்போதும் மரியாதை வருகிறது.

பிப்ரவரி 9, வெள்ளி

எல்விஎம் (டிஸ்க் இடத்தை 'வால்யூம் குரூப்' என்று தொகுத்துப் பிரித்துத் தருவது), எக்ஸ்எஃப்எஸ், பேஸ்மேக்கர் (கிளஸ்டரை நடத்தும் மென்பொருள்) முடிந்தது. வால்யூம் குரூப்பில் சர்வர் பெயர் முத்திரையாக இருப்பதால் மற்றது அதைத் தானாகத் திறக்காது.

பிப்ரவரி 12, திங்கள்

சோதனை நாள். தரவுத்தளம் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஏ கன்ட்ரோலரை உருவினோம். சில வினாடி தயக்கம், அப்புறம் பி வழியாக ஓடியது. ஏ-யைத் திரும்பச் செருகியதும் முக்கியமான ஒன்றைப் பார்த்தேன்: மீண்டு வந்த வழிகளிலும் சாவி பதிவாகியிருந்தது. சர்வருக்கு இரண்டு வழி, ஆக மொத்தம் நான்கு பதிவு. மூன்றுதான் இருந்தால் என்றைக்கோ ஒருநாள் சரியான சர்வரே எழுத முடியாமல் நிற்கும். அதைத் தேடிக் கண்டுபிடிப்பது பெரிய பாடு.

அடுத்து இரண்டு சர்வர்களுக்கும் இடையே இருந்த நெட்வொர்க்கைப் பிடுங்கினோம். தோற்ற சர்வர் உயிரோடுதான் இருந்தது, எழுதப் போனால் 'ரிசர்வேஷன் கான்ஃப்ளிக்ட்' என்று லாகில் வந்தது. கண்காணிப்பு ஏற்பாடான வாட்ச்டாக் கொஞ்ச நேரத்தில் அதை ரீபூட் செய்தது. தரவுத்தளம் மற்றதில் எழுந்தது. தம்பி அந்த லாக் வரியைப் படம் எடுத்துக்கொண்டான். நல்லது, அந்த வரிக்காகத்தான் இவ்வளவு வேலையும்.

பிப்ரவரி 13, செவ்வாய்

கன்ட்ரோலர் ஃபர்ம்வேர் (அதன் உள் மென்பொருள்) மாற்றும் ஒவ்வொரு முறையும் இதே இரண்டு சோதனையையும் நடத்த வேண்டும் என்று கையேட்டில் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்தேன். ஆஸ்பத்திரி ஆட்களிடம் சொல்லியாயிற்று. வியாழன் இரவு தரவை ஏற்றுகிறோம்.