வெள்ளியங்கிரிச் சுனைகளும் பேரூர்ப் படித்துறையும்

கோவைக்கு மேற்கே உள்ள வெள்ளியங்கிரி மலை ஏறுகிறவர்கள் முதலில் கணக்குப் போட வேண்டியது தண்ணீரைத்தான். பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழு மலை, ஒரு வழிக்கு ஏறக்குறைய 6 கிலோமீட்டர். வெள்ளை விநாயகர் சந்நிதி வரை செங்குத்தான கற்படிகள். இங்கே வேகம் காட்டுகிறவர்கள்தான் கொண்டு வந்த தண்ணீரைத் தீர்த்துவிட்டு நடுவழியில் தொடை பிடித்து உட்காருகிறார்கள். ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டில் போதும். பிளாஸ்டிக் வேண்டாம், வனத்துறையினர் பையைச் சோதித்துத்தான் விடுவார்கள்.

இரண்டாம் மலையில் பாம்பாட்டிச் சுனை, அடுத்ததில் கைதட்டிச் சுனை. பாறை இடுக்கில் ஊறி வரும் நீர், மூலிகை வாசம் கலந்தது என்பார்கள். பிப்ரவரி, மார்ச்சில் நன்றாக வரும். சித்திரை வெயிலில் நூல் போலச் சிறுத்துவிடும், வரிசையில் நிற்க நேரும். இரண்டிலும் பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஆறாம் மலையின் ஆண்டி சுனையில் குளித்துவிட்டுத்தான் ஏழாம் மலை உச்சியில் இருக்கும் சிவனான சுயம்புநாதரைக் காணச் செல்வது வழக்கம். தண்ணீர் உறைய வைக்கும், மேலே காற்றும் பலம். ஈரத்துணியோடு ஏறினால் நடுக்கம் எடுத்துவிடும். மாற்று வேட்டி, துண்டு கட்டாயம். சோப்பு, ஷாம்பு போடுவதும் பழைய துணியை அங்கேயே விடுவதும் பாவம். அந்த நீர்தான் கீழே ஓடைகளாகி நொய்யல் ஆறாகிறது.

மூங்கில் தடியை இறங்கும்போதுதான் அதிகம் தேடுவீர்கள். முழங்காலைக் காப்பது அதுதான். இருதயக் கோளாறு, மூச்சிரைப்பு உள்ளவர்கள் அடிவாரக் கோயிலிலேயே ஆண்டவரைக் கும்பிட்டுத் திரும்பலாம், குறையில்லை.

திரும்பும் வழியில் நொய்யல் கரையில் பேரூர். மேலைச் சிதம்பரம் என்று போற்றப்படும் தலம். இங்குள்ள சிவனான பட்டீசுவரர் திருமேனியில் காமதேனுவின் கன்று மிதித்த குளம்புச் சுவடு உண்டு என்பது தலபுராணம். பட்டீசுவரரும் பச்சைநாயகியும் சுந்தரருக்குப் போக்குக் காட்டி வயலில் நாற்று நட்ட திருவிளையாடலை ஆனி மாதம் நாற்று நடவு விழாவாக இன்றும் கொண்டாடுகிறார்கள். நடராஜர் சந்நிதி மண்டபமான, 17ஆம் நூற்றாண்டு நாயக்கர் காலக் கனகசபையை அவசரமாகக் கடக்காதீர்கள். ஊர்த்துவ தாண்டவரையும் அகோர வீரபத்திரரையும் தூணுக்குத் தூண் நின்று பார்க்க வேண்டும். கூரையில் தொங்கும் கற்சங்கிலியையும் அண்ணாந்து பாருங்கள்.

நடுமதியம் நடை சாத்திவிடுவார்கள். மலையிறங்கி வருகிறவர்களுக்கு மாலைத் தரிசனமே தோது. படித்துறையில் முன்னோர்க்குத் திதி கொடுப்போர் எப்போதும் உண்டு, ஆடி அமாவாசையன்று கால் வைக்க இடமிருக்காது. கோடையில் ஆற்றில் குளிக்கும்படி நீர் இராது. அப்போது குளியலை வேறிடத்தில் முடித்துக்கொண்டு படித்துறைக்கு வாருங்கள்.