கடைசிச் சொல் கேட்கவில்லை

ஓகஸ்ட் 5, 2025, செவ்வாய்
பிரதேச சபைக்கு உறுப்பினராகப் போகத் தொடங்கி இரண்டு மாதம். இன்றுதான் முதல்முறை எழுந்து பேசினேன். எங்கள் தோட்டத்து டிவிசன் பாதைக்குக் கொங்கிரீட் போட வேண்டும், அவ்வளவுதான் விஷயம். முடித்ததும் முன்வரிசை உறுப்பினர் ஒருவர், "தங்கச்சி, போடணும்னு சொல்றீங்களா, வேணாம்னு சொல்றீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். அதுதான் இன்னும் எரிகிறது.

ஓகஸ்ட் 6
தொண்டை கம்மிவிட்டது. அம்மா கொத்தமல்லி அவித்துத் தந்தார். "மலையில நின்னு கூப்பிட்டா பள்ளத்து லயம் வரைக்கும் கேக்குமே, அந்தத் தொண்டை எங்க புள்ள போச்சு?"

ஓகஸ்ட் 10, ஞாயிறு
ஓய்வுபெற்ற எங்கள் தமிழ் மாஸ்டரிடம் போனேன். போனில் பதிந்திருந்த பேச்சை இரண்டு தரம் கேட்டார். "சத்தத்துல குறையில்ல. மூச்சு பாதி வழியில தீர்ந்துபோகுது. தமிழ்ல வினை கடைசியிலதான் வரும். அங்க மூச்சு இல்லன்னா 'வேணும்' எது, 'வேணாம்' எதுன்னு யாருக்குத் தெரியும்?"

அப்படியானால் அந்த மனிதர் கேலி செய்யவில்லை. சரி, பாதிக் கேலி.

தொல்காப்பியர் எழுத்து பிறக்கும் காற்றை உந்தியில், அதாவது தொப்புளடியில், தொடங்குகிறார், நீ தோளில் தொடங்குகிறாய் என்றார் மாஸ்டர். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தேன். உண்மைதான். பயந்தால் தோள் ஏறுகிறது, நெஞ்சோடு மூச்சு நின்றுவிடுகிறது, தொண்டை இறுகிக் குரல் கீச்சென்று மேலே போகிறது.

ஓகஸ்ட் 13
பாயில் மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் ஒரு கொப்பி. மூச்சை இழுத்தால் கொப்பி உயர வேண்டும். பிறகு 'ஸ்ஸ்' என்று சீராக விட வேண்டும். முதல்நாள் 9 செக்கன், இன்று 17. கேஸ் கசிகிறதா என்று தம்பி எட்டிப் பார்த்தான்.

ஓகஸ்ட் 19
எழுதிவைத்த பேச்சைக் கிழித்தேன். "மேற்படி பாதையானது நீண்டகாலமாகச் சீர்செய்யப்படாத காரணத்தினால்" என்று தொடங்கி ஆறு வரிக்கு ஒரே வாக்கியம். யார் மூச்சு தாங்கும்? இப்போது இப்படி: "மழை பெய்தால் ஓட்டோ வராது. பிள்ளைத்தாச்சியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறோம்."

ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்கிறேன். 1987 பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவுதான் தோட்டத்துக்குள் சபைப் பணம் போகத் தடையாக இருந்தது. 2018இல் அதைத் திருத்திவிட்டார்கள். "அது தோட்டத்துக் காணி" என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள்.

ஓகஸ்ட் 24
நான் கோயிலடியில், அம்மா கீழே தண்ணீர்ப் பீலியடியில். நான் பேச, கேட்ட கடைசிச் சொல்லை அவர் திருப்பிக் கத்த வேண்டும். பத்துக்கு ஏழு வந்தது. கத்தினால் வரவில்லை. நிதானமாகச் சொன்னால் வருகிறது.

மலையகத் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்த நடேசய்யரோடு தோட்டம் தோட்டமாகப் போன அவர் மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடியே விஷயத்தைச் சொன்னதாக மாஸ்டர் சொல்வார். எனக்குப் பாட்டு வராது. பேசுமுன் வாயை மூடி 'ம்ம்' என்று முனகிக்கொள்கிறேன். உதடு அதிர்ந்தால் குரல் திறந்துவிட்டது என்று அர்த்தம்.

செப்டெம்பர் 2, செவ்வாய்
கால் நடுங்கியது. குரல் நடுங்கவில்லை. எதிர்பார்த்தபடியே நடுவில் ஒருவர் "தோட்டத்துக் காணி" என்றார். அவசரப்படாமல் அவர் முடிக்கும்வரை நின்றேன். பிறகு 33ஆம் பிரிவு. பிறகு, "எங்கள் பாதையைப் போட்டுத்தர வேண்டும்." 'வேண்டும்' பின்சுவர் வரை போனது.

திரும்பும்போது மழை. ஓட்டோ சந்தியோடு நின்றுவிட்டது. நனைந்து வந்த என்னிடம் அம்மா கேட்டார்:

"என்னா சொன்னாங்க?"

"பார்க்கலாம்னு சொன்னாங்க."

"அத சத்தமா சொன்னாங்களா?"