எந்த டாலர்?

கரீபியன் தீவான செயின்ட் லூசியா போகிறவர்களுக்கு: விலை சொன்னால் உடனே "ஈசியா, யுஎஸ்ஸா?" என்று கேளுங்கள். அங்கே ஓடுவது கிழக்குக் கரீபியன் டாலர், சுருக்கமாக ஈசி. 1976 முதல் ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 ஈசி என்று கட்டிப்போட்டிருக்கிறார்கள். டாக்ஸிக்காரர் சொல்லும் "இருபது டாலர்" ஈசி என்றால் அமெரிக்கக் கணக்கில் ஏழரை டாலர்கூட இல்லை. யுஎஸ் என்றால் 54 ஈசி! ஏறுவதற்கு முன்பே பேசிவிடுவது நல்லது.

அமெரிக்க நோட்டை நிறைய கடைகளில் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் மீதி பெரும்பாலும் ஈசியில்தான் வரும், கணக்கும் 2.60, 2.65 என்று கொஞ்சம் தேயும். தலைநகர் காஸ்ட்ரீஸ் சந்தையில் மசாலாவும் வாழைப்பழமும் வாங்க, மினிபஸ்ஸில் ஏற, குரோஸ் ஐலெட் ஊரின் வெள்ளிக்கிழமை இரவுத் தெருவிழாவில் சுட்ட மீன் சாப்பிட, கையில் சில்லறை ஈசி இருக்கட்டும். ஏடிஎம்மில் ஈசியாகவே எடுத்துக்கொள்ளலாம். கார்டு ஹோட்டலுக்கு. பில்லில் சர்வீஸ் சார்ஜ் ஏற்கெனவே ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிப்ஸ் வையுங்கள்.

நூறு ஈசி நோட்டில் இருப்பவர் ஆர்தர் லூயிஸ், இந்தத் தீவில் பிறந்து 1979இல் பொருளாதார நோபல் வாங்கியவர். பணத்தில் பொருளாதார அறிஞர், பொருத்தம்தான்!

அப்புறம், மிச்சமான ஈசி கிரெனடா, டொமினிக்கா, ஆன்டிகுவாவிலும் செல்லும். பார்படோஸுக்குத் தனி டாலர். படகேறிப் பக்கத்து மார்டினிக் போனால் யூரோ. அதனால் கிளம்புவதற்கு முன் செலவழித்துவிடுங்கள், நம் ஊரில் மாற்றுவது பெரும்பாடு.