எவ்வளவு நேரத்தில் மேலே வந்தீர்கள்?

ராணுவத்தில் நர்சிங் அசிஸ்டென்டாக இருந்தபோது லடாக்கில் லே என்ற ஊரில் இரண்டு வருடம் போட்டார்கள். 3,500 மீட்டர் உயரம். அங்கும் காற்றில் ஆக்ஸிஜன் 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். விமானத்தில் போய் இறங்கிய அன்று ரத்தத்தின் ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிமீட்டர் என் விரலிலேயே 86 சதவீதம் காட்டியது. ஊரில் என்றால் உடனே அட்மிஷன். அங்கே சீனியர், "டீயைக் குடிச்சிட்டுப் பேசாம படு" என்றார்.

ஒரு பையன் படுக்கவில்லை. வந்த மறுநாளே மூட்டை தூக்கினான். இரண்டாம் ராத்திரி இருமல், மல்லாந்து படுக்க முடியவில்லை, ரோஸ் நிறத்தில் நுரைச் சளி. ஆக்ஸிஜன் குறைந்தால் நுரையீரலின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். உள்ளே அழுத்தம் ஏறி, காற்றுப் பைகளில் நீர் கசியும். முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால், காதோரம் முடியை விரலால் உரசுகிற சத்தம். ஆக்ஸிஜன் கொடுத்துக் கீழே இறக்கினார்கள். பிழைத்துக்கொண்டான்.

ஓய்வுக்குப் பிறகு தூத்துக்குடிப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை. சங்கு குளிக்கிறவர் ஒருவர் தோள்வலி என்று வந்தார். சுமை தூக்கியிருப்பார் என்று நினைத்து, வலி ஊசியோடு அனுப்பிவிட்டோம். எவ்வளவு நேரத்தில் மேலே வந்தார் என்று கேட்கவே இல்லை. அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

மூச்சை அடக்கிக் குளிக்கிறவருக்குப் பத்துப் பாகத்தில், அதாவது 18 மீட்டரில், நுரையீரல் காற்று மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். மேலே வந்தால் பழையபடி விரியும், அவ்வளவுதான். மேலிருந்து காற்றை அழுத்தி அனுப்பும் கம்ப்ரசர் குழாயில் மூச்சு விடுகிறவர் கதை வேறு. அந்த ஆழத்தில் அவர் நெஞ்சு நிறைய இருப்பது அழுத்திய காற்று. மூச்சைப் பிடித்தபடி மேலே வந்தால் அது மூன்று மடங்காக விரிந்து நுரையீரலைக் கிழிக்கும். போதாததற்கு, வேகமாக மேலே வந்தால், ஆழத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழாகக் கிளம்பும். மூட்டில் நின்றால் வலி. தண்டுவடத்தில் நின்றால் கால் போய்விடும்.

அடுத்து வந்தவரை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். கால் மரத்திருந்தது, காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை. முகமூடியில் ஆக்ஸிஜனை முழுதாகத் திறந்துவிட்டு, மறுபடி அழுத்தம் கொடுத்துக் குமிழைச் சுருக்கும் அழுத்த அறை இருக்கும் ஊருக்கு ஆம்புலன்ஸ் சொன்னோம்.

"எத்தனை பாகம்ணே?"

"பத்து. ரெண்டு மணி நேரம் கெடந்தேன்."

"மேல வர எவ்வளவு நேரம் எடுத்தீங்க?"

முகமூடியை லேசாக விலக்கினார். "கம்ப்ரசர் நின்னு போச்சு தம்பி."