நெல்லையில் தன்னார்வ வேலை தேடி அலைந்த கதை

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமையில் நாலு பேருக்கு உபயோகமாக ஏதாவது செய்யலாம் என்று கிளம்பினால் அதற்கு இவ்வளவு அலைச்சலா என்று இன்னும் மனசு ஆறவில்லை. ஆள் தேவை என்று எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். போய் நின்றால் ஆதார் ஜெராக்ஸ், போட்டோ, வாட்ஸ்அப் குழு, அதோடு சரி.

முதலில் கிடைத்தது பாபநாசத்தில் ஆற்றைச் சுத்தம் செய்யும் வேலை. பரிகாரம் முடித்து, உடுத்திய துணியைத் தாமிரபரணியிலேயே விட்டுவிட்டுப் போகிற வழக்கம் நம் பக்கத்துக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். தண்ணீருக்குள் ஒரு சேலை நுனி தெரிகிறதே என்று இழுத்தால் வராது. பாதி பாறை இடுக்கில் மாட்டியிருக்கும், மீதி மண் ஏறிக் கனத்துக் கிடக்கும், ரெண்டு பேர் சேர்ந்து இழுத்தால் அதோடு வேட்டி, துண்டு, சட்டை என்று கொத்தாக வரும். அவசியமான வேலை, இப்போதும் சொல்வேன். ஆனால் பேனரைப் பிடித்துப் போட்டோ எடுத்ததும் ஏற்பாடு செய்தவர்கள் கிளம்பிவிட்டார்கள். எடுத்த துணி படித்துறையிலேயே குவிந்து கிடக்கிறது. கிளம்பிக்கொண்டிருந்தவர்களில் ஒருவரிடம் "வண்டி எப்ப வரும் அண்ணாச்சி?" என்று கேட்டேன். "அதெல்லாம் வந்து அள்ளிருவாங்க தம்பி" என்றார். யாரும் அள்ளவில்லை. பிறகு வீட்டாரோடு அந்தப் பக்கம் போனபோது குவியலில் பாதி திரும்பவும் தண்ணீரில் கிடந்தது. வயிறு எரிந்தது. ஆற்று வேலைக்கு யார் கூப்பிட்டாலும், எடுத்ததை ஏற்றிப்போக வண்டி சொல்லியாச்சா, எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பதில் தெளிவாக வந்தால் தாராளமாகப் போங்கள்.

பறவை பார்க்கிற ஆசை உள்ளவர்களுக்கு, 2011 முதல் நடந்துவரும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு இருக்கிறது. ஜனவரியில் குளம் குளமாகப் போய் எண்ணுவார்கள். ஆனால் எனக்கு வாராவாரம் செய்கிற மாதிரி வேண்டியிருந்தது.

அப்புறம்தான் பார்வையற்ற மாணவர்களுக்குப் பரீட்சை எழுத ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்தது. பி.ஏ. படிக்கிற ஒரு தம்பி, அவன் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். கல்லூரி அலுவலகத்தில் போட்டோ கேட்டார்கள், கொடுத்தேன். ஆதார் நகல் கேட்டார்கள், கொடுத்தேன். அதில் கையெழுத்து இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள், சரி என்று போட்டுக் கொடுத்தேன். பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் என் சான்றிதழைப் பார்த்த எழுத்தர், "எம்.எஸ்ஸி. முடிச்சவங்க பி.ஏ. பரீட்சை எழுத முடியாதே சார்" என்கிறார். விதி அதுதான், அதில் எனக்குக் கோபம் இல்லை. சொந்தமாக ஆள் கூட்டி வந்தால், எழுதுகிறவர் தேர்வரைவிட ஒரு படி குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2018 வழிகாட்டுதலே சொன்னது. அதை முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா? பக்கத்தில் நின்ற அந்தத் தம்பியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்று ராத்திரியே எங்கள் தெருவில் பிளஸ் டூ முடித்து முதலாம் ஆண்டு படிக்கிற பெண்ணின் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவள் அம்மா யோசிக்காமல் "போய்ட்டு வா பிள்ள" என்றார். காலையில் அலுவலகம் திறக்கும்போதே எல்லாத் தாள்களோடும் வாசலில் நின்றோம், அனுமதி கிடைத்தது. பரீட்சையும் நல்லபடியாக முடிந்தது. இப்படி ஆள் வைத்து எழுதும் மாணவர்களுக்கு ஒரு மணி நேரத் தேர்வுக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள். விதிகள் தேர்வுக்குத் தேர்வு மாறும், அந்தந்த அறிவிப்பை ஒருமுறை படித்துவிடுவது நல்லது. பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களை அனுப்புங்கள், அவர்களுக்குத்தான் தேவை அதிகம்.

நான் இப்போது அதே தம்பிக்கும் அவன் நண்பர்களுக்கும் பாடப் புத்தகங்களை வாசித்து, போனில் பதிவு செய்து அனுப்புகிறேன். இதற்குப் படிவமும் இல்லை, கையெழுத்தும் இல்லை. பக்க எண்ணை முதலில் சொல்ல வேண்டும், அட்டவணை வந்தால் ஒவ்வொரு எண்ணுக்கும் தலைப்பைச் சேர்த்தே வாசிக்க வேண்டும், இல்லாவிட்டால் கேட்பவருக்கு எதுவும் பிடிபடாது. அதை அவன்தான் சொல்லிக்கொடுத்தான். பொருளாதாரம் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. வரலாற்றுக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை, வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தவர்கள் சொல்லுங்கள்.